ஊர்ப் பள்ளிக்கூடமும் பெற்றாரும்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கோயிலை முதலில் வைப்பர். குளத்தையும் சந்தையையும் அடுத்து வைப்பர். பின்னர் அவ்வூரிற் பிறந்து பெரும் பதவி வகித்தோரின் பெயர்களை நிரல்படக் கூறுவர். அப்பெரியோர் அனைவரும் அரிவரி படித்த சிறு பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதுவே பெரிது. கல்லூரிகளுக்கு நூற்றாண்டு மலர் உண்டு. கொழும்பிலும் இலண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. ஆரம்ப பாடசாலைக்கோ ஒரு சம்பவத்திரட்டுப் புத்தகமும் கறையான் தின்றது போக எஞ்சிய இடாப்புகளுமே மிச்சம்.

யாழ்ப்பாணத்து ஆரம்ப பாடசாலைகளைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பாடத்திட்டங்களின் வரலாற்றை நான் எழுதப் போவதில்லை. அதனை எழுத வல்ல அறிஞர் பலர் உளர். பள்ளிக்கூடத்து வாசலுக்குப் பெற்றார் எவ்வாறு வந்தனர், வந்தோருள் எவர் உள்ளே அழைக்கப்பட்டனர், எவருடைய பிள்ளை எங்கே அமர்ந்தது என்பவற்றையே பார்க்க விரும்புகின்றேன். இன்று பாடசாலைதோறும் கால்கோள் விழாவும், இல்ல விளையாட்டுப் போட்டியும், மாணவர் சந்தையும், வாணி விழாவும் நடைபெறுகின்றன. அவற்றுக்கு வருமாறு எல்லாப் பெற்றாருக்கும் அழைப்புப் போகின்றது. அந்த "எல்லா" என்னும் சொல் எளிதில் வந்ததன்று.

பாதிரிமார் வருமுன் எங்கள் ஊர்களிற் கல்வி இருக்கவில்லை என எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. உபாத்தியாயரின் வீட்டுத் திண்ணையே அன்று பள்ளி, மணலே பலகை, பனையோலையே புத்தகம். பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும்; கை படிந்தபின் எழுத்தாணி பிடிக்கும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் வாக்குண்டாமும் நெட்டுருவாகும். எண்சுவடி மனத்திற் பதியும். வல்லவர் நிகண்டு வரை செல்வர். முதல் வகுப்பை நாம் அரிவரி என்று சொல்லுகின்றோமே, அச்சொல் அத்திண்ணையிலிருந்தே வந்தது. அரி வணக்கம் கூறி நெடுங்கணக்கைத் தொடங்கியதால் அப்பெயர் உண்டாயிற்றென்பர்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் குடும்பங்களுக்கும் இருந்த தொடர்பு மிக நெருங்கியது. உபாத்தியாயருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. நெல் அறுத்த காலத்தில் நெல்லும், தோட்டம் விளைந்த காலத்தில் காய்கறியும் அவர் வீட்டுக்குப் போகும். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது தட்சிணை போகும். நவராத்திரி நாட்களில் மாணாக்கர் பாட்டுப் பாடியும் கோலடித்தும் வீடு வீடாகச் செல்வர். வீட்டார் மகிழ்ந்து கொடுப்பதெல்லாம் உபாத்தியாயருக்குச் சேரும். பள்ளிக்கூடத்து விழாவைப் பார்க்க இன்று பெற்றார் போகின்றனர்; அன்றோ விழாவே பெற்றாரின் முற்றத்துக்கு நடந்து வந்தது. பிள்ளை என்ன படித்தது என்பதைத் தாயும் பேத்தியும் தங்கள் படலையில் நின்றே கேட்டறிந்தனர்.

ஆனால் கோலாட்டம் எல்லா முற்றங்களுக்கும் போகவில்லை. குடிமைத் தொழில் செய்தோரின் பிள்ளைகளும் தீண்டாதார் எனத் தள்ளப்பட்டோரின் பிள்ளைகளும் அத்திண்ணையில் ஏறியதில்லை. திண்ணைக் கல்வியின் இனிமையைப் பேசுவோர் பலர் இதனைச் சொல்லாது விடுகின்றனர். இனிமையும் உண்மை, இதுவும் உண்மை.

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையையும் வட்டுக்கோட்டையையும் தங்கள் நிலையங்களாக்கினர். வெஸ்லியன் மிசனரிமார் அதற்குச் சற்று முன்னரே பட்டினத்துக்கு வந்திருந்தனர். 1818இல் சேர்ச் மிசன் சங்கத்தார் நல்லூரில் அமர்ந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரியும் (1823), உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் (1824) ஆராய்ச்சியாளரால் அடிக்கடி பேசப்படுவன. எனினும் ஊர்களை மாற்றியவை அவற்றினும் சிறியனவாய், கிடுகு வேய்ந்து மண் மெழுகிய நிலத்தோடு கிராமந்தோறும் எழுந்த தமிழ்ப் பாடசாலைகளே. அவற்றிற் கற்பித்தோர் தமிழர். தொடக்க காலத்தில் அவருட் பலர் சைவராகவே இருந்தனர். பிள்ளைகளைச் சேர்க்க வேறு வழி பாதிரிமாருக்கு இருக்கவில்லை. ஊருக்குத் தெரிந்த சட்டம்பியார் அழைத்தாற்றான் ஊர்ப்பிள்ளை வரும்.

நான் மிசன் பாடசாலையொன்றிற் படித்தவன். ஆதலால் பாதிரிமாரைப் புகழும்போதும் எனக்குக் கூச்சம், இகழும்போதும் கூச்சம். இரண்டையும் விடுத்து, அக்காலத்து விடுதிப் பாடசாலைகளில் எழுந்த ஒரு வழக்கை மட்டும் குறிப்பிடுகின்றேன். அது சோற்று வழக்கு. கிறிஸ்தவர் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ணச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் மறுத்தனர், பெற்றாரும் இசையவில்லை. எனவே வளவுக்குப் புறத்தே வேறாகச் சமையற் கொட்டில் அமைத்து அங்கு உணவளிக்க வேண்டியதாயிற்று. பூகோளமும் கணிதமும் ஆங்கிலமும் படிக்கச் சம்மதம். பந்தி மட்டும் வேறு! படிப்பு மூளைக்குப் போவது, சோறு குலத்துக்குப் போவது என அக்காலத்தார் கருதினர் போலும். இவ்விரண்டும் ஒன்றாகாமல் ஒரு பள்ளிக்கூடம் முழுப் பள்ளிக்கூடமாகாது என்பதை உணர யாழ்ப்பாணத்துக்கு நூறாண்டுக்கு மேல் சென்றது.

ஆறுமுக நாவலரவர்கள் மிசன் பாடசாலையிற் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியாயிருந்தவர். அவ்வேலையைத் துறந்து 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் திண்ணைக்குத் திரும்பிப் போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வகுப்பு வகுப்பாகப் பிரித்து, நேரசூசிகை வைத்து, அச்சிட்ட புத்தகத்தைக் கையிற் கொடுத்துக் கற்பிக்கும் முறையை மிசனரிமாரிடமிருந்தே கைக்கொண்டார். 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்தார். பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. சைவ மக்களின் பொருளுதவியையே நம்பினார். அரசினர் நன்கொடை அவ்வித்தியாசாலைக்குக் கிடைக்க ஏறக்குறைய 22 ஆண்டுகள் கழிந்தன. அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள் முட்டுப்பாட்டால் நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழ்ப் பாடசாலை நிலைத்தது. ஊர்க் குடும்பங்கள் தாங்கக்கூடிய சுமை எது, தாங்கமுடியாத சுமை எது என்பதை இவ்விரண்டும் அளந்து காட்டின.

நாவலரவர்கள் வருணாசிரம ஆசாரத்தைப் போற்றியவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய பாடசாலை அக்காலத்துச் சாதி வரம்பைக் கடந்ததன்று. அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. அக்கடனை ஒப்புக்கொள்வோர் இதனையும் ஒப்புக்கொள்ளலாம்.

1869இல் வித்தியா பகுதி ஏற்பட்டு, உதவி நன்கொடை முறை ஒழுங்கானபின் பள்ளிக்கூடத்தின் நாளாந்த வாழ்வே மாறிற்று. பிள்ளைகளின் வரவையும், பரீட்சையில் அவர்கள் பெற்ற பேற்றையும் பார்த்தே பணம் கொடுக்கப்பட்டது. அதனால் இடாப்பு புனிதமான புத்தகமாயிற்று. வரவு குறைந்தால் நன்கொடை குறையும். நன்கொடை குறைந்தால் ஆசிரியர் சம்பளம் குறையும். ஆகவே விதைப்புக் காலத்திலும் புகையிலை நடுகைக் காலத்திலும் ஆசிரியர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடித் திரிந்தனர். இன்ஸ்பெற்றர் வரும் நாள் ஊருக்கே திருநாள். தலை முழுகி, எண்ணெய் வைத்து, தோய்த்த வேட்டி உடுத்துப் பிள்ளைகள் வருவர். அன்று வராத பிள்ளைகளும் வந்துவிடுவர்! பெற்றாரைப் பள்ளிக்கூடத்தார் தேடிப் போகும் வழக்கத்தை அன்பு பாதியும் இடாப்பு பாதியுமாக வளர்த்தன எனலாம். 1906இலும் 1907இலும் பட்டினப் பாடசாலைச் சட்டமும் கிராமப் பாடசாலைச் சட்டமும் வந்தபின் வரவு கட்டாயமுமாயிற்று.

நன்கொடை முறையில் ஒரு முள்ளும் இருந்தது. ஏற்கெனவே ஒரு பாடசாலை உள்ள இடத்துக்கு அருகே புதிதாக எழும் பாடசாலைக்கு உதவி மறுக்கும் தூர விதி அது. மிசன்கள் முந்தி வந்தவை. ஆதலால் நல்ல இடமெல்லாம் அவற்றின் வசம். பிந்தி வந்த சைவர் பாடசாலை வைத்தால் பணமின்றி நடத்த வேண்டும். இந்நிலையிலே 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிற்று. அப்புக்காத்து சு. இராசரத்தினம் அவர்கள் அதன் உயிராயிருந்து உழைத்தார். வடபகுதியில் மட்டுமன்றிப் பிற இடங்களிலும் 100க்கு மேற்பட்ட பாடசாலைகளை அச்சங்கம் நடத்திற்று. திருநெல்வேலியில் ஆசிரிய கலாசாலை நிறுவிச் சைவ ஆசிரியரையும் பயிற்றிற்று. கிழக்கில் விபுலாநந்த அடிகளாரின் முயற்சியால் இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகள் வளர்ந்ததும் இக்காலத்திலேயே.

இச்சங்கத்துப் பாடசாலைகளிற் பல ஓர் ஊரார் கொடுத்த நிலத்தில், ஊரார் வெட்டிய மரத்தில், ஊர்ப் பெண்கள் பின்னிய கிடுகில் எழுந்தவை. கிடுகுக் கூரையை ஆண்டுதோறும் மாற்றி வேய வேண்டும். கல்லினாலும் ஓட்டினாலும் கட்டிய பாடசாலைக்குப் பெற்றார் ஒருமுறை பணம் கொடுத்தாற் போதும். கிடுகுக் கொட்டிலுக்கோ ஆண்டுதோறும் வரவேண்டும். மழைக்கு முன் ஒருநாள் தந்தையர் கூரைமேல் ஏறுவர். தாய்மார் கஞ்சி காய்ச்சுவர். பிள்ளைகள் பழைய கிடுகை இழுத்துக் குவிப்பர். இதனைச் சிரமதானம் என்று எவரும் பெயரிட்டு விழாவெடுக்கவில்லை. ஓட்டுக் கூரை வந்தபின் பாடசாலை வலிமை பெற்றது. ஆயினும் ஆண்டுக்கொருமுறை கூடும் ஒரு காரணத்தை ஊர் இழந்தது.

இனி, வாங்கின் கதைக்கு வருவோம். அரசினர் உதவி பெறும் பாடசாலைகளிலும் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் வெகுகாலம் நிலத்தில் அமர்த்தப்பட்டனர். மற்றைப் பிள்ளைகள் வாங்கில் இருந்தனர். மிசன் பாடசாலைகளும் கிராமங்களில் இவ்வழக்கத்துக்குப் பெரிதும் இணங்கியே நடந்தன. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாகிய இயக்கத்தார், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர், சாதிக் கொடுமையை எதிர்த்துப் பேசியதோடு தங்கள் மாநாடுகளிற் சமபந்தியும் நடத்தினர். 1930ஐ அடுத்து, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கப்பட வேண்டுமென அரசினர் பணித்தனர். அப்போது எழுந்த எதிர்ப்பு எங்கள் சரித்திரத்திற் படிப்பதற்கு இனியதன்று. பிள்ளைகளை மறித்தனர், மனுக்கள் அனுப்பினர், சில இடங்களிற் பாடசாலைக் கொட்டில்களுக்கே தீ வைத்தனர். தம் பிள்ளை படிக்கும் கொட்டிலை வேய்ந்த கையே, அயற்பிள்ளை அதே வாங்கில் அமர்ந்ததும் அதனைக் கொளுத்தவும் துணிந்தது. பெற்றாரின் ஆதரவு என்று நாம் மேடைதோறும் புகழ்ந்து பேசுவதற்கு இப்படியும் ஒரு முகம் இருந்தது.

வாங்கு மறுக்கப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. கரவெட்டியில் கா. சூரன் அவர்கள் முன்னின்று நிறுவிய தேவரையாளிப் பாடசாலை அதற்குத் தக்க சான்று. சைவ ஒழுக்கத்தைத் தாமே கைக்கொண்டு, தம் மக்களுக்கென ஒரு சைவப் பாடசாலையைத் தாமே உண்டாக்கி, அதனைக் காக்க அச்சமூகத்தார் பட்ட பாடு பெரிது. எழுத்தாளர் தெணியான் போன்றோரை அப்பாடசாலை தமிழுக்கு அளித்தது. நாவலர் வழி என்று நாம் பேசும்போது வண்ணார்பண்ணையை நினைக்கின்றோம்; கரவெட்டியையும் உடன் நினைத்தல் முறை. தம் பாடசாலை இல்லாத பிள்ளைகளின் கதையை அறிய விரும்புவோர் மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவாவின் சுயசரிதையைப் படித்தல் வேண்டும். சாதி சொல்லி இழித்துரைத்த வகுப்பறையைவிட்டு இளவயதில் வெளியேறிய பிள்ளை, பின்னாளில் நாற்பதாண்டுக்கு மேல் ஓர் இலக்கியச் சஞ்சிகை நடத்தினார். வெளியேறிய எல்லாப் பிள்ளைகளும் சஞ்சிகை நடத்தவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியபோசனமும், 1945இல் இலவசக் கல்வியும் வந்தன. சுவடியும் சோறும் ஒரே கொட்டிலுக்குள் வந்தது அப்போதுதான். பிற்காலத்திற் பாலும் பணிசும் கிடைத்ததை முதியோர் மறந்திரார். வரிசையில் நின்று பணிஸ் வாங்கும் பிள்ளையிடம் எவரும் குலம் கேட்க முடியாது. கேட்டால் வரிசை நகராது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றனர். சைவ வித்தியா விருத்திச் சங்கத்துப் பாடசாலைகள் யாவும் அரசினர் பாடசாலைகளாயின. மிசன் கல்லூரிகள் சில மட்டும் கட்டணமின்றித் தனியே நடத்த முன்வந்தன. இதைப் பற்றி இன்றும் இருவகைக் கருத்துண்டு. பாடசாலையின் ஆன்மா போயிற்றென்பார் ஒரு சாரார். ஆசிரியருக்குச் சம்பளம் ஒழுங்காயிற்று, அனுமதி மறுக்க முகாமையாளருக்கு இருந்த அதிகாரம் ஒழிந்தது என்பார் மறுசாரார். பின்னையோர் கூறுவதிலே நியாயம் மிகுதி என்பது என் எண்ணம். எனினும் கூரை ஒழுகினால் "அரசாங்கம் பார்க்கட்டும்" என்று ஊரார் சொல்லத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

அக்கூரையே இல்லாத காலமும் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போயிற்று. மரத்தடியிலும், பிற பாடசாலைகளின் மாலை நேரத்திலும், கிடுகுக் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. வலிகாமம் வடக்குப் பாடசாலைகள் பல, நிலமும் கட்டடமும் வேலிக்கு அப்பால் இருக்க, வேற்றூரிலே தம் பெயரை மட்டும் தாங்கிப் பல்லாண்டு இயங்கின. மானிப்பாயிலோ மருதனார்மடத்திலோ ஒரு கொட்டிலின் முன் காங்கேசன்துறைப் பக்கத்து ஊர்ப் பெயர்ப்பலகை நிற்கும். கட்டடமே பாடசாலை என்று அதிகாரிகள் கருதியிருந்தால் அவை அன்றே மறைந்திருக்கும். இடாப்பைக் கையிற் கொண்டோடிய ஆசிரியரும், முகாம் முகாமாகப் பிள்ளைகளைத் தேடிய பெற்றாருமே அவற்றைக் காத்தனர். புகையிலைத் தோட்டத்துக்குப் பிள்ளை தேடிப் போன பழைய சட்டம்பியாரின் வேலை அவர்களுக்கு மீண்டும் வந்தது.

இன்று பாடசாலைகள் பெரும்பாலும் தங்கள் நிலத்துக்கு மீண்டுள்ளன, பிள்ளைகள்தாம் குறைவு. ஊரின் சிறு பாடசாலையைக் கடந்து காலை ஆறரை மணிக்கே வான்கள் பட்டினத்துப் பாடசாலைகளுக்குப் போகின்றன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை பெற்றாரைப் பிடித்து ஆட்டுகின்றது. வசதியுள்ளோர் பிள்ளைகளை வானில் ஏற்றியபின் ஊர்ப் பாடசாலையில் எஞ்சுவோர் யாவர் என்று எண்ணிப் பார்த்தால், 1930இல் நிலத்தில் அமர்த்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் அங்கே மிகுதியாயிருப்பதைப் பல ஊர்களிற் காணலாம். எவரும் எவரையும் வாங்கிலிருந்து எழுப்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டனர். தீ வைப்பதைவிட இது நாகரிகமானது. பயன் வேறா என்பதை முதியோர் கூறட்டும்.

இத்தகைய பாடசாலைகளிலே ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரசினர் உணவு வழங்குகின்றனர். பல இடங்களில் தாய்மாரே முறைவைத்து வந்து சமைக்கின்றனர். சோறு, பருப்பு, கீரை, நெத்தலி; சில நாட்களில் முட்டை. மிசன் வளவுக்கு வெளியே வேறாகச் சமைத்த அதே நாட்டில், எவர் வீட்டுத் தாய் சமைத்தாலும் எல்லாப் பிள்ளைகளும் உண்கின்றனர். நம்மிற் பலர் இதனைக் கண்டுகொள்வதில்லை. மாணவர் சந்தையன்று பிள்ளைகள் கொணரும் முருங்கையிலையையும் தேசிக்காயையும் வாங்கப் போகும் பெற்றாரும், வாணி விழாவிற்குச் சுண்டலும் அவலும் கொண்டு செல்லும் பெற்றாரும் ஒருநாள் அந்தச் சமையற் கொட்டிலையும் எட்டிப் பார்க்கலாம். தம் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் பார்க்கலாம்.

நம் சங்கத்து இளைஞருக்கு வேறொரு வேலையும் உண்டு. ஊர்தோறும் 80 வயதைக் கடந்தோர் இன்னும் சிலர் உளர். கிடுகு வேய்ந்த நாளை அவர்கள் அறிவர்; எவருடைய நிலத்தில் எவர் உழைப்பிற் பாடசாலை எழுந்ததென அறிவர்; நிலத்தில் இருந்து படித்தோர் எவர் என்பதையும் அறிவர். பின்னையதைக் கேட்டால் சிலர் பேச்சை மாற்றுவர். நிலத்தில் இருந்தவரைக் கேட்டால் அவர் மாற்றமாட்டார். இருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு கொப்பி போதும். சம்பவத்திரட்டுப் புத்தகம் தலைமையாசிரியரின் அலுமாரியில் இருக்கும்; பணிவோடு கேட்டால் எடுத்துக் காட்டுவர்.